பத்து நிமிஷம் முந்தி ஓடிய கடை

வில்லியனூர் கமலக்கண்ணனின் மோட்டார் பம்பு கடையிலும் குடோனிலும் கேமரா ஒரு நேரம் காட்டும், பில் போடும் கம்ப்யூட்டர் வேறொரு நேரம் காட்டும். இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்தத்தான் நெட்வொர்க் வேலை பார்க்கும் ஃபர்ஹானாவைக் கூப்பிட்டிருந்தார். வந்ததும் அவள் காதில் விழுந்த சேதி வேறு. ஒதியம்பட்டு குடோனைப் பார்த்துக்கொள்ளும் பலராமனுக்குத் திருட்டுப்பட்டம் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். பலராமனா? சேச்சே! அவளுக்குச் சுருக்கென்றது.

"வேலை முடிஞ்சுதுன்னு மெஷின்ல கைரேகை வச்சுட்டுப் போனவன், அப்புறமா மோட்டார் பெட்டிய தூக்கினு போறாம்மா. கேமராவே சொல்லுது," என்றார் கமலக்கண்ணன்.

"அதுக்கு முன்னாடி ஒரு மோட்டாருக்கு பில்லு போட்ருக்காரே?"

"அது வேற பெட்டி."

"ரெண்டு பெட்டின்னா கேமராவுல ரெண்டு தபா தெரியணும்லண்ணா? ஒண்ணுதான தெரியுது!"

ஃபர்ஹானா குடோனிலிருந்த ஒவ்வொரு மெஷினையும் கடையிலிருந்தே லேப்டாப்பில் திறந்து, தன் போன் மணியோடு ஒப்பிட்டாள். பில்லும் கைரேகையும் சரி. கேமரா மட்டும் பத்து நிமிஷம் முந்தி ஓடியது.

"அத நான்தான் கடை கடியாரத்த பாத்து வச்சேன். ஆளுங்க நேரத்துக்கு வரணும்னு எங்கப்பா காலத்துலேருந்தே பத்து நிமிஷம் முந்திதான்."

"அப்ப கேமரா மணியில பத்து நிமிஷம் கழிச்சா, அவரு பெட்டிய வண்டியில ஏத்திவுட்டுதான் கைரேகை வச்சிருக்காரு. பில்லு போட்ட அதே பெட்டி. திருட்டே நடக்கல!"

கமலக்கண்ணனின் முகம் செத்துப்போயிற்று. அவர் பேச்சை மாற்றினார். "சரி, புதுசா இன்னா செய்யப்போற?"

"கடையில ஒரு சர்வர். அது வெளிய இன்டர்நெட்டுல நாலு எடத்துல மணி கேக்கும். ஒண்ணு தப்பா சொன்னா மத்த மூணும் காட்டிக்குடுத்துடும். குடோன் மெஷினுங்க எல்லாம் இந்த சர்வரத்தான் கேக்கணும். ஆளுக்கொரு எடத்துல கேட்டா பழையபடி ஆளுக்கொரு மணிதான்."

"நல்லாத்தான் கீது. அதுலயும் பத்து நிமிஷம் கூட்டி வச்சுடு."

வந்ததே கோபம் அவளுக்கு! "முதல் கோணல் முற்றும் கோணல்ண்ணா. சர்வர் பொய் சொன்னா எல்லாம் சேந்து பொய் சொல்லும். நாளைக்கு இன்னொருத்தர் மேல பழி வுழும். அதுக்கு வேற ஆள பாத்துக்குங்க." லேப்டாப்பை மூடினாள்.

கமலக்கண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூல் மேல் ஏறி, கடிகார முள்ளைத் தன் கையாலேயே பின்னுக்குத் தள்ளினார். இறங்கியதும் பலராமனுக்குப் போன் போட்டார்.

"தப்பு என்னுதுப்பா. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

பலராமன் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். "உங்க மணிக்கு வரட்டா மொதலாளி, ஊரு மணிக்கு வரட்டா?"

"ஊரு மணிக்கே வாப்பா," என்றார்.

ஃபர்ஹானா லேப்டாப்பைத் திறந்தாள்.