பன்னிரண்டாம் நாளின் மூன்று மணி நேரம்

...மூன்று நாளா ஐந்து நாளா என்பதில்தான் சிக்கல், செவ்வாய்க்கிழமை வந்ததை ஒரு வருகை என்று எடுத்துக்கொண்டால் மூன்று, அதெல்லாம் ஒரு வருகையா, எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று தள்ளிவிட்டால் ஐந்து, சராசரி போட்டால் நாலு, கணக்கு வாத்தியார் என்று பேர்தான், சொந்த வயிற்றின் கணக்கு பிடிபடவில்லை, சரி, நாலு என்றே இருக்கட்டும், நாலு நாளாக உள்ளே போனதெல்லாம் உள்ளேயே இருக்கிறது, நேற்று தின்ற பப்பாளி, அதன்மேல் இசப்கோல் உமி கலந்த தண்ணீர், காலையில் வெந்நீர் இரண்டு தம்ளர், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏழாம் எண் அறையில் ஜன்னலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். முப்பது பிள்ளைகள் வரலாற்றுத் தேர்வு எழுதுகிறார்கள். மணி பத்தேகால். பன்னிரண்டரைக்கு பெல். அதற்குள் வயிறு வழிவிடாவிட்டால் கீழே இறங்கிப்போய் ஒரு சிகரெட், ஒன்றே ஒன்று, மருந்து மாதிரி... காலையில் கழிப்பறையில் உட்கார்ந்தபடி எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இது, மனைவியிடம் சொல்லவில்லை, சொன்னால் இது ஒப்பந்தம் இல்லை, சாக்கு என்பாள், சாக்குதான் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறதே, பன்னிரண்டு நாள் என்பது என்ன சும்மாவா?

இதற்கு முன்னால் மூன்று தடவை விட்டிருக்கிறேன், நாலு நாள், ஆறு நாள், ஒன்பது நாள், மூன்று தடவையும் என்னைத் தோற்கடித்தது ஆசை இல்லை, ஆசையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டேன், இந்த வயிறுதான் காலை வாரியது, ஒன்பதாவது நாள் பொறுக்க முடியாமல் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே போனேன், இரண்டே இழுப்பு, அவ்வளவுதான், ஒன்பது நாள் அடைப்பு ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது, சுகம் என்றால் அப்படி ஒரு சுகம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் பத்து சிகரெட் தீர்ந்திருந்தது. காலையில் நான் கதவைத் திறந்தபோதே மனைவி வெளியே நின்றிருந்தாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சோதிக்கிறவள், என்னைப் பார்க்காமலே கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். இந்த முறை விட்டதற்கும் அவள்தான் காரணம், சண்டை போட்டெல்லாம் இல்லை, ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "நீங்க மாடி ஏறி வரும்போது நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேங்க, எத்தனை இடத்துல நிக்கிறீங்கன்னு. முன்னாடி ஒரு இடம். இப்போ மூணு. ஒருநாள் சத்தம் அப்படியே நின்னு போயிட்டா என்ன பண்றதுன்னு தெரியல." சாதாரணமாகத்தான் சொன்னாள், மடித்த துணியை மட்டும் பிரித்து மறுபடி மடித்தாள். அவளைப் பயமுறுத்திக்கொண்டே இத்தனை வருஷம் நிம்மதியாகப் புகைத்திருக்கிறேன்.

இப்போது என் வயிறு எங்கள் குடும்பத்தின் காலைச் செய்தி. ஏழு மணிக்கு மனைவி கதவைத் தட்டி, "என்னங்க, ஆச்சா?" என்கிறாள், ஏழரைக்கு என் தங்கை போன் பண்ணி, எடுத்ததும் நலம்கூட விசாரிக்காமல், "அண்ணா, இன்னிக்காவது?" என்கிறாள், மச்சான் பின்னாலிருந்து விளக்கெண்ணெய் விளக்கெண்ணெய் என்று கத்துகிறார், ஒரு மனிதன் மானத்தோடு மலச்சிக்கலில்கூட இருக்க முடியவில்லை. டாக்டரம்மா மட்டும்தான் சிரிக்காமல் கேட்டார், என் மாணவி வயதுதான் இருக்கும். "இத்தனை வருஷமா சிகரெட் உங்க குடலைத் தட்டித் தட்டி எழுப்பிக்கிட்டு இருந்துச்சு சார். இப்போ தட்ட ஆள் இல்ல, அது தூங்குது. சில வாரம் ஆகும், தானா எழுந்திருக்கப் பழகும். நிறையத் தண்ணி குடிங்க, நடங்க. முக்கியமா ஒன்னு, அது கூப்பிட்டா உடனே போயிடுங்க, அடக்காதீங்க. அடக்கினா மறுபடி தூங்கிடும்." நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன், கூப்பிட்டால் போகமாட்டேன் என்றா சொல்கிறேன், கூப்பிட வேண்டுமே...

ஐயோ, ஆரம்பித்துவிட்டது. களக், களக், அப்புறம் நீளமாக ஒரு உருட்டல், மேஜையை யாரோ தரையில் இழுக்கிற மாதிரி. தேர்வு அறை நிசப்தத்தில் பேனா மூடி விழுந்தாலே முப்பது தலை திரும்பும், இது அதைவிடப் பெரிய சத்தம், முதல் வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், நான் என்ன செய்தேன் தெரியுமா, சட்டென்று திரும்பி மூன்றாவது பெஞ்சில் பாவம் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறவனை முறைத்தேன், இருபத்திரண்டு வருஷ முறைப்பு, அவன் முகத்தில் ஈயாடவில்லை, தன் வயிறுதான் கத்திவிட்டதோ என்று கையை வைத்துத் தடவிப் பார்க்கிறான். வெட்கக்கேடு. பெல்ட்டை இன்னொரு ஓட்டை தளர்த்திக்கொள்கிறேன். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, போனை ஆபீசில் ஒப்படைத்தாயிற்று, இந்த மாதிரி நேரத்தில் எல்லாம் மனசு முழுக்க ஒன்றைத்தான் வைத்துக்கொண்டு நடப்பேன், பன்னிரண்டரை பெல், அடுத்த நிமிஷம் கீழே சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு முதல் இழுப்பு. கூட நிற்பவர் வேதியியல் வாத்தியார். இன்று அவருக்குத் தாழ்வாரத்தில் சுற்றிவருகிற வேலை, எந்த அறையிலாவது விடைத்தாள் தீர்ந்துபோனால், யாருக்காவது மயக்கம் வந்தால், கதவருகில் நின்று கையைத் தூக்கினால் வருவார். சற்றுமுன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார், நான் தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத விதமாக ஆட்டினேன், அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

"சார்..." கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்குகிறாள், இரட்டைப் பின்னல், முகம் வெளிறியிருக்கிறது, "சார், டாய்லெட் போகணும்." என் வாய் தானாகத் திறக்கிறது, அடக்கிக்கோ, இன்னும் ஒன்றரை மணி நேரந்தான், அடக்கிக்கோ, இதைத்தான் சொல்வேன் என்று இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் எனக்குத் தாழ்ப்பாள் என்று பேர், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது, என் அறையில் எவனும் கழிப்பறையில் துண்டுச்சீட்டு ஒளித்து வைத்து ஏமாற்ற முடியாது, என் அறையில் மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? வருஷத்துக்கு இருபது தேர்வு, தேர்வுக்கு இரண்டு பேர், வேண்டாம், பெருக்க வேண்டாம், விடை எனக்குப் பிடிக்காது. கால்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பதிலைக்கூட எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள், அவர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் வயிறு சொன்னபடி கேட்டது, காலை ஆறரைக்கு ஒன்றைப் பற்றவைத்தால் ஆறு முப்பத்தைந்துக்கு வேலை முடிந்தது, அடுத்தவன் அவஸ்தை எனக்கு எங்கே புரியப்போகிறது? "போயிட்டு வாம்மா," என்கிறேன். அவள் நம்பாமல் நிற்கிறாள். "போ, மெதுவாவே வா, ஒன்னும் அவசரமில்ல." வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அலுவலக அம்மா அவளோடு போகிறார். அறை முழுக்க ஒரு சின்ன சலசலப்பு, தாழ்ப்பாளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் கேட்கிறார்கள்.

பதினொன்றரை. வெயில் ஜன்னலிலிருந்து இரண்டாவது வரிசைக்கு நகர்ந்துவிட்டது. நடந்தால் நல்லது என்றாரே டாக்டரம்மா, இந்த அறையில் இதுவரை ஒரு மைலாவது நடந்திருப்பேன், ஜன்னல், கதவு, ஜன்னல், கதவு... பன்னிரண்டு நாளில் ஒன்றும் மாறவில்லை என்று சொன்னால் அது பொய், நேற்று மாடி ஏறும்போது ஒரே இடத்தில்தான் நின்றேன், மனைவி கதவைத் திறந்தபோது முகத்தில் என்னவோ இருந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது, சொல்லிவிட்டால் கெட்டுவிடுமோ என்று அடக்கிக்கொண்ட ஒன்று. அதைப் போய் இன்று பன்னிரண்டரைக்குப் பற்றவைக்கப் போகிறாயா? ஒன்றே ஒன்றுதானே? ஒன்றே ஒன்று என்றுதானே அன்றைக்கும்... அப்போதுதான் அது வந்தது. முதலில் நான் நம்பவில்லை, வாயு என்று நினைத்தேன், நின்றேன், அடிவயிற்றில் இடது பக்கமாக ஒரு நகர்வு, கனமாக, நிதானமாக, கீழ்நோக்கி. யாரும் தட்டாமல், புகை இல்லாமல், போன தடவைகள் மாதிரி உட்கார்ந்து முக்கிக் கெஞ்சாமல், தானாக. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என் குடல் என்னைத் தானாகக் கூப்பிடுகிறது. கூப்பிட்ட நேரத்தைப் பாருங்கள், பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்கு மேல் யாரும் அறையை விட்டு அசையக் கூடாது, பிள்ளைகளும் சரி, நானும் சரி.

நாற்பது நிமிஷந்தானே, பெல் அடித்ததும் ஓடிவிடலாம், இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட மாற்று ஆளைக் கேட்டதில்லை, மற்றவர்கள் கேட்டால் உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன், இன்று நானே போய்க் கேட்பதா, அதுவும் எதற்கு, ஸ்டாஃப் ரூமில் ஒரு மாசத்துக்குப் பேசுவார்கள், மானம் கப்பலேறிவிடும், நாற்பது நிமிஷம், அடக்கிக்கோ... என் குரலேதான். அதே எரிச்சலோடு, அதே அலட்சியத்தோடு. சொன்ன மாத்திரத்தில் வயிற்றுக்குள் அந்த நகர்வு தயங்குகிறது, வாசலில் அழைத்துப் பார்த்துவிட்டு யாரும் இல்லை போலிருக்கிறது என்று திரும்புகிற விருந்தாளி மாதிரி, இல்லை, இல்லை, போகாதே, இருக்கிறேன், இதோ வந்துவிட்டேன். நான் கதவுக்குப் போய்க் கையைத் தூக்குகிறேன். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து வேதியியல் வாத்தியார் செருப்புச் சத்தத்தோடு வருகிறார், வரும்போதே, "என்ன சார், அடிஷனல் ஷீட்டா?" என்கிறார்.

"இல்ல. நான் கொஞ்சம் போகணும்."

"எங்க?"

"டாய்லெட்."

மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் அந்த நிசப்தத்தில் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வேண்டியதுதான், ஆனால் சிரிக்கவில்லை, இரட்டைப் பின்னல் மட்டும் ஒரு நொடி பேனாவைத் தூக்கிப் பிடித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். வேதியியல் வாத்தியாருக்கு என் கதை எல்லாம் தெரியும், கண்ணை அகலத் திறந்து, "வந்துருச்சா?" என்கிறார் ரகசியமாக, குழந்தை பிறந்த சேதி கேட்பவர் மாதிரி, அப்புறம் என் தோளைப் பிடித்துத் தள்ளுகிறார், "அப்போ இங்க நின்னு என்ன பேச்சு? போங்க சார், ஓடுங்க!" ஓடினேன் என்று சொல்ல முடியாது, ஓடினால் வேறு ஆபத்து, விறைப்பாக, வேகமாக, முழங்காலை அதிகம் மடக்காமல் போனேன்.

கழிப்பறையில் உட்கார்ந்ததும் கையை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது, இருபத்தாறு வருஷமாக இந்த இடத்தில் ஒரு கைக்கு வேலை உண்டு, இப்போது இரண்டும் சும்மா முழங்கால்மேல் கிடக்கின்றன, வகுப்பில் தப்புச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கைகள் போல. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒன்றுமில்லை. போய்விட்டதா? தாமதித்துவிட்டேனா? அவசரப்படுத்தாதே, முக்காதே, டாக்டரம்மா சொன்னாரே, அந்த இரட்டைப் பின்னல்கிட்டே சொன்னாயே மெதுவாவே வா என்று, அதை உனக்கும் சொல்லிக்கொள்ளேன், ஒன்றும் அவசரமில்லை... வந்தது. பெரிய வெற்றி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், பாதிதான், பாதிக்கும் குறைவுதான், ஆனால் என்னுடையது, எந்தச் சாவியும் போடாமல் திறந்தது. சந்தோஷமாக இருந்தது. இதற்கெல்லாமா ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்படுவான் என்று இருந்தது, மனைவியின் கடைக்கு உடனே போன் பண்ணிச் சொல்ல வேண்டும் போல் இருந்தது, போன் ஆபீசில் இருக்கிறது, நல்லவேளை, வாடிக்கையாளருக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருப்பவளிடம் இந்தச் சேதியை எப்படிச் சொல்வது?

பெல் அடித்து, விடைத்தாள்களை வாங்கி, வரிசை எண் பார்த்து அடுக்கி, கட்டி, ஆபீசில் ஒப்படைத்துவிட்டு மாடிப்படியின் நடுத்தளத்துக்கு வந்து நிற்கிறேன். கீழே வேதியியல் வாத்தியார் காத்திருக்கிறார், சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறார், "வாங்க சார், கொண்டாட வேண்டாமா? ஒன்னே ஒன்னு!" ஒப்பந்தப்படி இனி எனக்கு அது தேவையில்லை, வயிறு வழிவிட்டாயிற்று, சாக்கு போயிற்று, ஆனாலும் புகைக்கு இழுக்கிற அந்த இழுப்பு அப்படியே இருக்கிறது, விலா எலும்புகளுக்குக் கீழே, குழி பறித்த மாதிரி, லேசான நடுக்கத்தோடு, தினமும் இதே நேரத்துக்கு வருகிற அதே இழுப்பு, இதை எத்தனை வருஷமாகத் தெரியும், பத்தொன்பது வயதில் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை பூட்டியிருக்கும், அப்போது அறைத்தோழன் ஒன்றை நீட்டினான், இழுத்தேன், அடங்கிப்போனது, அதற்கப்புறம் எப்போது வந்தாலும் இழுத்தேன், அடங்கிப்போனது... எது அடங்கிப்போனது? படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். நாலு நாளாக அடைத்துக் கிடந்த வயிறு இப்போதுதான் கொஞ்சம் காலியாகியிருக்கிறது. காலியான இடத்திலிருந்துதானே வருகிறது இது? வாயில் எச்சில் ஊறுகிறது, புகைக்கு எப்போதாவது எச்சில் ஊறியிருக்கிறதா எனக்கு? பசியா இது? இத்தனை வருஷமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு நான் புகையை ஊதி ஊதி அணைத்துக்கொண்டிருந்தது வெறும் பசியைத்தானா? சத்தியமாகத் தெரியவில்லை. பசி எப்படி இருக்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது, நாற்பத்தைந்து வயதில்?

"சார், வர்றீங்களா இல்லையா?" கீழிருந்து குரல்.

"இருங்க," என்கிறேன், கால் அதற்குள் ஸ்டாஃப் ரூம் பக்கம் திரும்பிவிட்டது, "சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்."