முதல் வாய் தாத்தாவுக்கு

என் வாய் பொல்லாதது. அதை நானே ஒத்துக்கொள்கிறேன். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற மூன்று தேயிலைத் தோட்டங்களுக்கு நான்தான் அரசாங்க மருத்துவிச்சி. இருபத்து நாலு வருஷமாக இந்த ஏற்ற இறக்கத்தில் குடையும் பையுமாக நடக்கிறேன். தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவராதவள், நாலு மாதக் குழந்தைக்குப் பிஸ்கட்டைக் கரைத்து ஊட்டுகிறவள், வயிற்றில் இருப்பதை ஐந்தாம் மாதம் வரைக்கும் மறைத்து வைப்பவள் எல்லாரும் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். "றோசலின் மிஸ்ஸி வாறாங்க" என்று ஒரு லயத்து வீட்டு வரிசையில் குரல் கேட்டால், அடுத்த லயத்தில் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மேல்பிரிவு பிள்ளைக் காம்பராவில் நிறுவை நடக்கும். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் ஜெயந்தினி. நானும் அவளும் உத்தரத்தில் தராசைக் கொழுவி, ஒவ்வொரு பிள்ளையாகத் துணிக் கால்சட்டையில் போட்டுத் தொங்கவிடுவோம். சிலது வீறிட்டு அழும். சிலது ஊஞ்சல் என்று நினைத்துச் சிரிக்கும். சுலக்ஷனாவின் மகள் யதுர்ஷிகா இரண்டும் செய்யவில்லை. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு பேசாமல் தொங்கினாள். ஏழு கிலோ எண்ணூறு.

போன மாதமும் அதே ஏழு எண்ணூறு, அதற்கு முந்தின மாதமும் அதே. ஒன்றரை வயசுப் பிள்ளை. வளர்ச்சிக் கார்டில் மேலே ஏற வேண்டிய கோடு நேராகப் படுத்துக் கிடந்தது. மூன்று மாதமாக அவளுக்கென்று மாதம் இரண்டு பாக்கெட் திரிபோஷா கொடுத்துவருகிறேன். சோளமும் சோயாவும் அரைத்த சத்து மா அது. சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தால், எந்தப் பிள்ளையும் கை நீட்டி வாங்கித் தின்னும்.

"அடுத்த மாசமும் இப்பிடியே இருந்தா டொக்டர் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு எழுதிருவாரு. நீயும் பிள்ளையோட போயி வாட்டுல இருக்கணும். வெளங்குதா?" என்றேன்.

சுலக்ஷனாவின் முகம் செத்துப்போனது. "நான் போயிட்டா மாமாவ யாரு மிஸ்ஸி பாக்குறது?"

அவள் புருஷன் நிரோஷனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து போவான். அவனுடைய அப்பா பழனியாண்டிக்குப் போன வருஷம் பாரிசவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. காலையில் அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, பிள்ளையைக் காம்பராவில் விட்டு, மலைக்கு ஓடி, பகல் சாப்பாட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வீட்டுக்கு ஓடுகிறவள் இவள் ஒருத்திதான். இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை.

"மாமா கதைய அப்பறம் பேசலாம். மாவ பிள்ளைக்கு ஊட்டுறியா, இல்லையா?"

"ஊட்டுறேன் மிஸ்ஸி" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் போன பிறகு ஜெயந்தினி கால்சட்டைகளை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. அந்த மாவுல பாதி மாமனாரு வாயிக்குத்தான் போகுது. ரெண்டு வாட்டி என் கண்ணால பாத்தேன். இங்க காம்பராவுல யது எதையும் திங்க மாட்டேங்குது. வீட்டுலயாவது திங்கும்னு பாத்தா, அங்க இப்பிடி."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அன்றைக்கு வேறு மூன்று வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. அதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சுலக்ஷனாவின் வீட்டுக்குப் படியேறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கையும் களவுமாகத்தான் பிடித்தேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் பழனியாண்டி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோணிய வாயின் ஓரத்தில் மஞ்சள் மா ஒட்டியிருந்தது. கட்டிலுக்குக் கீழே யது தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் மீதி இரண்டு உருண்டை. சுலக்ஷனா கொழுந்துச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் நின்றாள்.

"இதுதான் நீ பிள்ளைக்கு ஊட்டுற லட்சணமா?" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "பிள்ளை எலும்பும் தோலுமா கெடக்கு. அது வாயில போக வேண்டியத இவருக்குக் குடுக்குறியே. இவரு தின்னு இனிமே என்னத்த வளரப் போறாரு?"

சுலக்ஷனா சட்டென்று திரும்பி மாமனாரைப் பார்த்தாள். குற்றவாளி வேறு பக்கம் பார்க்கத்தானே செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. பாரிசவாதக்காரர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வடிவது சாதாரணம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நியாயத்தை நிலைநாட்டிய திருப்தியோடு படியிறங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயந்தினி ஃபோன் எடுத்துச் சொன்னாள். செவ்வாய் அந்தியிலிருந்து பழனியாண்டி வாயைத் திறக்கவில்லையாம். தேத்தண்ணி மட்டும் இரண்டு மடக்கு உள்ளே போகிறதாம். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறாராம். சுலக்ஷனா மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை.

ஃபோனை வைத்தேன். பேச முடியாத நோயாளிக்கு முன்னால் பார்த்துப் பேச வேண்டும், அவர்களுக்குக் காது கேட்கும் என்பது பயிற்சியின் முதல் மாதத்தில் படித்தது. பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு அதை நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் என் பதிவேட்டில் கலியாணம் கட்டியவர்களுக்குப் பக்கம் இருக்கிறது, வயிற்றில் உள்ளதற்குப் பக்கம் இருக்கிறது, பிறந்ததிலிருந்து ஐந்து வயசு வரைக்கும் பக்கம் இருக்கிறது. பழனியாண்டிக்குப் பக்கம் இல்லை. பக்கம் இல்லாத ஆளுக்குக் காதும் இல்லை என்று எப்போது நினைக்கத் தொடங்கினேனோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்த வயசில் அந்த உடம்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சுலக்ஷனா என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் மிஸ்ஸி. நீங்க பேசுற வேகத்துல எனக்கு வாய் வரல" என்றாள். "நான் மாமாவுக்குன்னு குடுக்கல. அவதான் குடுப்பா. தவழ ஆரம்பிச்சதுல இருந்து அப்பிடித்தான். மொத வாய் தாத்தாவுக்கு. அவரு தின்னா இவ ஒண்ணு தின்னுவா. அவரு வாய மூடிக்கிட்டா இவளும் வச்சிருவா. அதான் காம்பராவுல திங்கிறதில்ல. அங்க தாத்தா இல்லையே."

"இப்ப?"

"இப்ப ரெண்டு பேருமே திங்கல."

யது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளில் அவள் கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. நான் காப்பாற்ற வந்த பிள்ளை இவள்தான்.

கதிரையை அவருடைய இடது பக்கமாகப் போட்டு, அவர் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்தேன். "ஐயா, நான் றோசலின். அன்னைக்கு நான் பேசுனது பெரிய தப்பு. ஒங்களுக்குக் காது கேக்கும்னு தெரியும். தெரிஞ்சும் பேசிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். நாற்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலை வெட்டிய மனுஷர். பேத்தியின் சோற்றைத் தின்றவர் என்று வெளியாள் ஒருத்தி வீட்டுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தைக்கு அவர் ஏன் திரும்ப வேண்டும்?

எனக்குத் தெரிந்த அடுத்த வேலையைச் செய்தேன். குசினிக்குள் போய் உருளைக்கிழங்கு, பூசணித் துண்டு, ஒரு பிடி பருப்பு மூன்றையும் குழைய அவித்து, கட்டியில்லாமல் மசித்தேன். அவருக்குச் சோறு தொண்டையில் அடைப்பதால் எதைக் கொடுப்பது என்று தெரியாமல்தான் சுலக்ஷனாவும் பிள்ளை கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு வருஷமாக யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும்தான் சொல்லவில்லை. "நிமிந்து உக்கார வை. தாடையக் கொஞ்சம் கீழ குனிய விடு. இடது கன்னத்துப் பக்கமா அரைக் கரண்டி. முழுங்கினாரான்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. அந்த உருண்டை இவருக்கு வேணாம், பொரையேறும்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் மட்டும் பல்லைத் திறக்கவில்லை.

அப்போதுதான் யது தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு போய், குதிகாலை உயர்த்தி, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவள் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

"ஐயா, பாத்தீங்கள்ல" என்றேன். "நீங்க தின்னு என்னத்த வளரப் போறீங்கன்னு கேட்டேன். இவதான் வளரப் போறா. நீங்க தின்னாத்தான் இவ தின்னுவா. இந்த வேலைய என்னால செய்ய முடியல, இவ அம்மாவால முடியல, காம்பராவுல ஜெயந்தினியாலயும் முடியல. ஒங்களால மட்டுந்தான் முடியும்."

மழைச் சத்தம் தகரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சுவரை விட்டுத் திரும்பி, முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். நல்லதாக இருந்த இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தரம் தட்டினார்.

யது எழுந்து ஓடினாள். உருண்டைக்குப் பதிலாகக் கரண்டியை அவள் கையில் கொடுத்து, அந்தக் கையை என் கையால் பிடித்துக்கொண்டேன். அவர் வாயைத் திறந்தார். மசியலை வைத்தோம். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கினார். யது கீழே உட்கார்ந்து, எதுவுமே நடக்காததுபோல ஓர் உருண்டையை எடுத்துத் தின்னத் தொடங்கினாள். சுலக்ஷனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை முள் எட்டுக் கிலோ நூற்றைம்பதில் நின்றது. நம்பாமல் மறுபடியும் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஜெயந்தினியும் குனிந்து பார்த்து, "எட்டு நூத்தம்பதுதான் மிஸ்ஸி" என்றாள். கார்டில் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்தேன். மேலே ஏறியது. நுவரெலியாவுக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை.

கெட்டதை அவர் முகத்துக்கு முன்னால் சொன்னவள் நல்லதையும் அங்கேயே போய்ச் சொல்ல வேண்டும் என்று பகல் வேளையில் படியேறினேன். பழனியாண்டிக்கு முகச்சவரம் செய்துவிட்டிருந்தார்கள். கார்டைப் பிரித்து, கோட்டை விரலால் தொட்டுக் காட்டினேன். "இது நீங்க ஏத்துனது ஐயா" என்றேன். அவர் கார்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுலக்ஷனா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். யது கரண்டியால் தாத்தாவுக்கு ஒரு வாய் கொடுத்தாள். விழுங்கும் வரைக்கும் அவர் தொண்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். பிறகு ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, குதிகாலை உயர்த்தி நீட்டினாள்.

"வேணாம்டி தங்கம். அது ஒனக்குள்ளது" என்றேன்.

அவள் கையை இறக்கவில்லை.

"தொறந்துருங்க மிஸ்ஸி" என்றாள் சுலக்ஷனா. "இப்பல்லாம் வீட்டுல இருக்கிற ஒரு ஆளு திங்காட்டியும் அவ வாயில வைக்க மாட்டா."

இந்த மாவைப் பெரியவர்கள் வாயில் வைத்ததற்காக எத்தனை வீடுகளில் ஏசியிருக்கிறேன். கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். பழனியாண்டியின் இடது பக்க உதடு மெல்ல மேலே போனது. பிறகு கட்டில் சட்டத்தை இரண்டு தரம் தட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். யது அதை உள்ளே வைத்தாள். நான் விழுங்கும் வரைக்கும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கீழே உட்கார்ந்து தன் உருண்டையை எடுத்தாள்.