ரேஷன் அட்டையில் அப்பா

அப்பா இறந்து ஏழு மாதம் ஆன பிறகும் எங்கள் ரேஷன் அட்டையில் அவர் பெயர் இருந்தது. திரவியம், ஜவுளிக்கடை விற்பனையாளர். அதற்குக் கீழே திவ்யலட்சுமி, மகள். அம்மா நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். அவள் பெயரை அப்பாதான் நீக்கிவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. அவர் பெயரை நீக்க வேண்டியவள் நான். நான் போகவில்லை.

மாதாமாதம் ஆரியசாலை ரேஷன் கடையில் விரலை வைப்பேன். குற்றாலலிங்கம் அண்ணாச்சி இரண்டு பேருக்கு அரிசி அளப்பார். அப்பாவோடு தினமும் டீ குடித்தவர், எதுவும் கேட்கமாட்டார். மெஷின் தரும் சீட்டில் உறுப்பினர்கள் இரண்டு என்று இருக்கும். அந்தச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்திருந்தேன்.

கல்லூரியில் எனக்குக் கணிதம் கிடைத்தது. முதல் தவணையை அப்பாவின் முதலாளி அழகியநம்பி கட்டினார். "அடுத்ததுக்கு வழி இல்லேன்னா வெசனப்படாதே. ஒங்க அப்பா நின்ன கவுண்டர் சும்மாத்தான் கெடக்கு. வந்து நில்லு" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். பெற்றோர் இருவரையும் இழந்த மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகை உண்டு என்று கல்லூரியில் சொன்னார்கள். விண்ணப்பித்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

அரசு விண்ணப்பங்கள் போட்டுத்தரும் அக்ஷயா மையத்து ஷீனா சேச்சி திரையை என் பக்கம் திருப்பி, மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

"மோளே, அச்சனும் அம்மையும் இல்லன்னு ஃபார்ம்ல எழுதியிருக்கு. கார்டுல அச்சன் உண்டல்லோ?"

"அது நான் மாத்தல, சேச்சி."

"ஏழு மாசமா?"

"இறப்புச் சான்றிதழ் வெச்சிருக்கேனே, போதாதா?"

"போதும்னா திருப்பி அனுப்புவாங்களா? ரெண்டும் ஒத்து வரணும். வெள்ளிக்கிழமை லாஸ்ட் டேட். இன்னைக்கே பேர் வெட்ட அப்ளிகேஷன் போட்டா சரியாகும். போடட்டே?"

எழுந்து வெளியே வந்தேன். சாலைக் கடைத்தெருவில் நடந்து ஜவுளிக்கடைக்கு எதிரே நின்றேன். கவுண்டரின் ஆணியில் அப்பாவின் கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் நின்றுவிட்டால் யார் பெயரையும் நீக்க வேண்டாம். அட்டையில் அப்பா இருப்பார். கணிதம் இருக்காது. என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடை கடையாகக் காட்டிய மனிதர் அவர்.

திரும்பி நடந்தேன்.

"வந்துட்டியா?" ஷீனா சேச்சி படிவத்தைத் திறந்தாள். பெயர் நீக்கும் காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. திருமணம், இடமாற்றம், மரணம். சேச்சி மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "நீயே செய்யி, மோளே. எனக்குக் கை வரல."

நான்தான் அழுத்தினேன்.

அட்டை மாறியது. விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து, வகுப்பில் இருக்கும்போது, தொகை அனுமதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இடைவேளையில் போனை எடுத்து, யாரை அழைப்பது என்று தெரியாமல் பையில் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ரேஷன் கடைக்குப் போனேன். அண்ணாச்சி பேசிக்கொண்டே இரண்டு பேருக்கு அளந்து என் பையில் போட்டுவிட்டார். பிறகுதான் சீட்டு வந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கைப்பழக்கம், மக்கா."

"எடுத்துருங்க அண்ணாச்சி."

"கெடக்கட்டும். இந்த மாசம் நான் சரிக்கட்டிக்கிடுதேன்."

"வேண்டாம். படிப்புக்கு ரூவா பாஸாயிட்டு. அதுக்காகத்தான் பேரை எடுத்தேன்."

"பாஸாயிட்டா?" அவர் முகம் மலர்ந்தது. பழக்கத்தில் எதிரே இருந்த டீக்கடைப் பக்கம் தலை திரும்பியது. அங்கே பெஞ்சில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு குனிந்து, என் பையிலிருந்து அப்பாவின் பங்கைத் திரும்ப அள்ளினார். மெதுவாக, ஒரு மணி கூடச் சிந்தாமல். நான் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.