எது வண்டியில் போனது?

கண்ணைக் கட்டிவிட்டாலும் எஞ்சினைக் கழற்றி மாட்டுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள் அக்கா. கார் பட்டறையில் அது எடுபடும். இன்று அந்தப் பீற்றலே அவளுக்கு வினையாக வந்து நின்றது.

நிறைமாதத் தங்கையை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தங்கை புருஷனின் காரோ சூடானால் நடுவழியில் நின்றுவிடும். எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார்தான் கோளாறு என்று அக்கா கண்டுபிடித்தாள். கழித்துப்போட்ட வண்டி ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தாள். இரண்டையும் ஒரே துணியில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தாள். ஆறிய நிலையில் இரண்டும் ஒரே மின்தடையைத்தான் காட்டின. தங்கை ஹாரன் அடித்து அவசரப்படுத்த, ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டாள்.

இப்போது மேசையில் கிடப்பது பழசா, மாற்றா? இரண்டிலும் ஒரே அழுக்கு.

உறுதியாகத் தெரியாமல் கூப்பிட்டு, பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்துவதா? தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். சென்சாரைப் பாலிதீன் பையில் சுற்றி அதில் இறக்கி, மீட்டரின் முனைகளைப் பொருத்தினாள். பழசு என்றால் சூட்டில் உள்ளே கம்பி விட்டுப்போய், மீட்டரில் எண் மறைந்துவிடும்.

“செத்துப் போயேன்,” என்று அதனிடம் கெஞ்சினாள்.

எண் மெல்ல ஏறியது. நல்ல சென்சார் சூட்டில் அப்படித்தான் ஏறும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது மறையவில்லை. அப்படியென்றால் வண்டியில் போனது பழசு; தங்கை புருஷனைப் போனில் கூப்பிட்டாள்.

“மாப்பிள்ளை, மலை ஏறிட்டீங்களா?”

“இல்லக்கா, அடிவாரத்துல இருக்கோம். இவளுக்கு வலி எடுத்துடுச்சு. இனிமே நிக்காதுன்னு நீங்க சொன்ன தைரியத்துல வேகமா போறேன்.”

“ஏறாதீங்க. வீடுங்க இருக்கிற இடமா பாத்து ஓரங்கட்டுங்க. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. பழசையே திரும்ப மாட்டிட்டேன். தப்பு என்னோடது.”

போன் கை மாறியது. பிறகு தங்கையின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

“திட்டுறதெல்லாம் அப்புறம் வச்சுக்கறேன். நீ வா, அக்கா.”

அக்கா நல்ல சென்சாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தாள். சட்டைக்குள் அது இன்னும் சுட்டது.