அத்தான் சொன்ன ரைட்

ஒன்பதே காலுக்குக் கார், ஹைவேயில் ஏறும் பாதை முடிகிற இடத்தில் நின்றது.

கோளாறு ஒன்றுமில்லை. அவன்தான் பிரேக்கை மிதித்திருந்தான். முன்னால் வெள்ளைக் கோடு துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. அதற்கப்பால் மூன்று தடங்களிலும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது கார் லேசாக ஆடியது.

பக்கத்து இருக்கையில் அத்தான் இருந்தார். அக்காவின் கணவர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தனியாகப் போகக் கூடாது என்று சொல்லி அக்காதான் ஏற்றிவிட்டிருந்தாள்.

“என்ன மாப்ள, சிக்னலா?”

“இல்ல.”

“அப்ப யாருக்கு நிக்கிறோம்?”

“இடமே விடமாட்டேங்குறாங்க.”

“கூடப்பொறந்தவனே விடமாட்டான். லாரிக்காரன் விடுவானா?”

அவன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் தெரியும் வண்டி தூரத்தில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தூரம் என்று நினைப்பதற்குள் அது போய்விட்டிருந்தது.

லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை. டிரைவிங் ஸ்கூலில் எட்டு போடச் சொல்லித்தந்தார்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்லித்தந்தார்கள். ஹைவே எப்போது என்று கேட்டதற்கு, ஓட்டக் கற்றுத்தந்தவர் சிரித்தார். “அதுல என்ன சார் இருக்கு. நேர் ரோடு. தூங்காம இருந்தா போதும்.”

மகள் அவள் அம்மாவோடு எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாள். வயது ஒன்பது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவனுக்கு என்று கோர்ட் சொல்லியிருந்தது. முதலில் பஸ்ஸில் போய்வந்தான். பஸ் ஏறினால் மகளுக்குக் குமட்டும். எங்கும் கூட்டிப்போக முடியவில்லை. ஒரு தடவை டிரைவரோடு வாடகைக் கார் எடுத்தான். பூங்காவில் வைத்து அவள் காதோடு கேட்டாள்: “அந்த மாமா ஏன்ப்பா நம்ம கூடவே இருக்காரு?” ஊருக்குத் திரும்பிய மறுநாள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். பிறகு ஒரு பழைய காரை வாங்கினான்.

போன மாதம் அந்தக் காரில் பழைய ரோடு வழியாகப் போனான். ஹைவேக்குப் பயம். பழைய ரோட்டில் சந்தை இருந்தது, ரயில்வே கேட் இருந்தது, தோண்டிப்போட்ட பாலம் ஒன்று இருந்தது. போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. மகள் வாசலிலேயே நின்று, அழுது, காய்ச்சல் கண்டு படுத்திருந்தாள். மகளின் அம்மா கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினாள்.

“அடுத்த தடவை பதினொன்னு வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல அவள நிக்க வைக்க மாட்டேன். கோவத்துல சொல்லல. அவ மூஞ்சியப் பாக்க முடியல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு எதையாவது பேசியிருப்பான்.

வரும் திங்கட்கிழமை நீதிபதி மகளைத் தனியறையில் உட்காரவைத்துக் கேட்கப்போகிறார், அப்பாவை இனியும் பார்க்க வேண்டுமா என்று. அவள் சொல்வதுதான் முடிவு. “இந்தச் சனிக்கிழமைய மட்டும் விட்றாதீங்க” என்று வக்கீல் சொல்லியிருந்தார். “கேஸ் இப்ப என் கையிலயும் இல்ல, உங்க கையிலயும் இல்ல.”

பின்னால் ஹாரன் அடித்தது. ஒரு சின்ன லாரி. ஓட்டுகிறவன் தலையை வெளியே நீட்டினான்.

“என்னண்ணே, இங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?”

அத்தான் இருக்கையில் திரும்பி, முழங்காலை மடித்து, பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார். பெல்ட் கழுத்தை அறுத்தது. அதைத் தோளுக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

“மாப்ள, நீ முன்னால மட்டும் பாரு. பின்னால என் பொறுப்பு. என் சர்வீஸ்ல எந்த டிரைவரும் பின்னால பார்த்ததில்ல. நான் ரைட்டுன்னா எடுப்பாங்க. ஹோல்டான்னா நிப்பாங்க. அவ்வளவுதான்.”

“இது பஸ் இல்ல அத்தான்.”

“டயர் நாலு இருக்குல்ல.”

அவன் கியரைப் போட்டான். உள்ளங்கை வழுக்கியது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

“ஹோல்டான்” என்றார் அத்தான். ஒரு லாரி போனது. “ஹோல்டான்.” ஒரு பஸ். “வெள்ளைக் கார் ஒன்னு. அது போகட்டும். ரைட். ரைட், ரைட், ரைட்.”

அவன் பார்க்கவில்லை. மிதித்தான். கார் வலப்பக்கம் ஏறி, ஓடுகிற வண்டிகளில் ஒன்றானது.

அத்தான் பஸ்ஸில் தட்டுவது போலக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

“பார்த்தியா.”

அவன் வேலை பல் செட் செய்வது. ஜன்னல் இல்லாத அறையில், வளைந்த விளக்கின் கீழே, மெழுகில் பல்லைப் பதித்து, கீறி, தேய்த்து உட்கார்ந்திருப்பான். அவன் கண் பார்க்கிறதெல்லாம் ஒரு முழத்துக்குள் இருக்கும். இங்கும் பானெட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் எல்லாம் திடீர் திடீரென்று வந்தன.

“ஸ்டியரிங்க விடு கொஞ்சம். நீ செய்ற பல்லு செட்டே இப்படிக் கவ்வாது.”

“கவ்வும்.”

“என்னோடது கவ்வலியே.”

“நீங்க கழுவுறதில்ல அத்தான்.”

அத்தான் சிரித்தார். அவனும் சிரித்தான். சிரித்தபோது கார் கோட்டைத் தொட்டது. உடனே வாயை மூடிக்கொண்டான்.

முன்னால் கம்பி ஏற்றிய லாரி ஒன்று. கம்பிகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் சிவப்புத் துணி. அவன் அதன் வேகத்துக்கு இறங்கி, அதன் பின்னாலேயே போனான். பக்கத்துத் தடத்தில் எல்லோரும் கடந்து போனார்கள். அத்தான் சிவப்புத் துணியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

“இதுக்குப் பின்னாலயே போனா பாப்பா காலேஜ் முடிச்சிருவா.”

“தாண்டணும்னா நடுத் தடத்துக்குப் போகணும்.”

“போ. நான் இருக்கேன்ல.” மறுபடி திரும்பி உட்கார்ந்தார். “ஹோல்டான். ஹோல்டான். ரைட்.”

போனான். லாரி பின்னுக்குப் போயிற்று. நடுத் தடத்தில் யாரும் குறுக்கே வரவில்லை. கார் தானாக ஓடுவது போல இருந்தது. தோள் இறங்கியது. பதினொன்றுக்கு முன்னால் கேட் முன்னே போய் நிற்பதை நினைத்துப் பார்த்தான். ஹாரன் அடிக்கலாமா, இறங்கிப் போய்க் கூப்பிடலாமா என்று யோசித்தான். ஹாரன்தான் நன்றாக இருக்கும். கதவைத் திறந்து அவள் ஓடிவருவாள். அம்மா பின்னால் நின்று பார்ப்பாள்.

இடது தடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றவில்லை.

போர்டு வந்தது. அவர்கள் இறங்க வேண்டிய வழி, இரண்டு கிலோமீட்டர். இறங்கிவிட்டால் வீடு பத்து நிமிடம். பதினொன்றுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

“இறங்கணும் அத்தான். இடது பக்கம் போகணும்.”

“பார்த்துக்கலாம்.”

இண்டிகேட்டரைப் போட்டான். இடது தடத்தில் லாரிகள் வரிசையாக வந்தன. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு கார் நுழையலாம், ஓட்டத் தெரிந்தவனாக இருந்தால். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அத்தான் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார். காற்றில் அவர் முடி படுத்துக்கொண்டது.

“ஹோல்டான்.”

ஒரு கிலோமீட்டர் என்றது போர்டு.

“ஹோல்டான். ஹோல்டான்.”

பாதை பிரியத் தொடங்கியது. இடப்பக்கம் புதுக் கோடு ஒன்று விலகிக் கிளம்பியது. அந்த நேரத்தில் லாரி வரிசையில் ஒரு இடைவெளி விழுந்தது. பெரிய இடைவெளி. யாருக்கும் போதும்.

“ரைட்!” என்றார் அத்தான். “ரைட், ரைட்!”

அவன் கை வலப்பக்கம் திரும்பியது.

வலப்பக்கத்திலிருந்து ஒரு ஹாரன், காதுக்குள்ளேயே அடித்த மாதிரி. ஸ்டியரிங்கைத் திருப்பி இழுத்தான். கார் அலைந்து, மறுபடி நடுத் தடத்திலேயே ஓடியது. இடைவெளி மூடிவிட்டது. இடப்பக்கத்தில் அவர்களுடைய வழி பிரிந்து, சரிந்து, கீழே போயிற்று. அதில் ஒரு வண்டிகூட இல்லை.

“ரைட்டுன்னேனே மாப்ள.”

“இடது பக்கம் போகணும் அத்தான்.”

“ரைட்டுன்னா போலாம்னு அர்த்தம்.”

“தெரியும்.”

தெரிந்துதான் இருந்தது. ஏறும்போது வலப்பக்கம் போக வேண்டியிருந்தது. லாரியைத் தாண்டும்போதும் வலப்பக்கம்தான். அப்போதெல்லாம் ரைட்டும் வலப்பக்கமும் ஒன்றாக இருந்தன.

அடுத்த போர்டில், அடுத்து இறங்கும் வழி நாற்பத்தொரு கிலோமீட்டர் என்று இருந்தது. போய், திரும்பி, வர வேண்டும். அத்தான் அதை வாய்விட்டுப் படித்தார். படித்த பிறகு, படித்திருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போலக் கண்ணாடியை ஏற்றினார்.

எப்படி ஓரத்துக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. யாரோ ஹாரன் அடித்தார்கள், யாரோ விளக்கைப் போட்டார்கள். கடைசியில் கார் இரும்புத் தடுப்பை ஒட்டி நின்றது. முன்பக்கமிருந்து ரப்பர் கருகிய வாசனை வந்தது.

“ரொம்ப தூரம் வரல” என்றார் அத்தான். பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம வழி போர்டு தெரியுது பாரு. ரிவர்ஸ்லயே போயிட்டா?”

“இதுலயா?”

“ஓரமா. நான் இறங்கி நின்னு சொல்றேன். அது என் வேலைதான?”

அவன் பதில் சொல்வதற்குள் அவர் இறங்கிவிட்டார். பின்னால் போய் நின்று கையை அசைத்தார். அவன் ரிவர்ஸ் கியரைப் போட்டான். கண்ணாடியில் அத்தான் பின்பக்கமாகவே நடந்தார். “வா, வா, வா” என்று சொல்வது உதட்டில் தெரிந்தது, காதில் விழவில்லை. கொஞ்ச தூரம் வந்தார்கள். வளையாமல் வந்தான். இது முடியும் என்று நினைத்தான்.

லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தபடி கோட்டை உரசிக்கொண்டு வந்தது. கார் குலுங்கியது. கண்ணாடியில் அத்தானைக் காணோம்.

பிறகு தெரிந்தார். இரும்புத் தடுப்பின் மேல் குப்புறச் சாய்ந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் ஏறி, வெற்று இடுப்பு தெரிந்தது.

அவன் இறங்கிப் போனான். சட்டையை இழுத்துவிட்டான்.

“ஏறுங்க அத்தான்.”

“இன்னும் கொஞ்சம்தான் மாப்ள.”

“வேணாம். ஏறுங்க.”

“பாப்பா நிப்பா.”

“அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஏறுங்க.”

அத்தான் ஏறினார். இந்தத் தடவை நேராக, முன்னால் பார்த்து உட்கார்ந்து, பெல்ட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எங்கே அடிபட்டது என்று அவன் கேட்டான். எங்கும் இல்லை என்றார்.

“போன் போட்டுச் சொல்லிரு. லேட்டாகும், வந்துட்டே இருக்கேன்னு.”

“போன தடவை அதைத்தான் சொன்னேன். அதுக்குத்தான் அவ்வளவு நேரம் நின்னா.”



போகத்தான் வேண்டும். நாற்பத்தொரு கிலோமீட்டர் போய், திரும்ப. அதற்கு முதலில் இந்த ஓரத்திலிருந்து ரோட்டுக்குள் ஏற வேண்டும். அவன் கியரைப் போட்டு, இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்தான். லாரி, கார், லாரி. இடைவெளி மாதிரி ஒன்று வந்தது. இடைவெளியா என்று தெரிவதற்குள் போய்விட்டது. இன்னொன்று வந்தது.

“அத்தான், பின்னால பாருங்களேன்.”

“வேணாம் மாப்ள.” அவர் திரும்பவில்லை. “நான் ஒன்னும் சொல்லல. நீயே பாத்துக்கோ.”

கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டான். எஞ்சினையும் அணைத்தான். இப்போது வண்டிகளின் சத்தம் மட்டும் இருந்தது. ஒவ்வொன்றும் காரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனது.

போன் அடித்தது. மகளுடைய அம்மாவின் நம்பர். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அத்தான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் வைத்தார்.

“அப்பா.”

மகள்தான்.

“சொல்லும்மா.”

“நான் இன்னும் ஷூ போடல. நீ வந்ததுக்கப்புறமே போட்டுக்கலாம்னு இருக்கேன்.”

“சரிம்மா.”

“ஒரே சத்தமா இருக்கு. ஹைவேலயா வர்ற?”

“ஆமாம்மா.”

“அம்மா சொன்னாங்க, உனக்கு ஹைவே பயம்னு. பயமா இருக்கா?”

அவன் வாயைத் திறந்தான். ஒரு லாரி கடந்தது. அது போகும்வரை அவள் அந்தப் பக்கம் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“பதினொன்னாச்சுன்னு அம்மா வாசல் கேட்டப் பூட்டப் போயிருக்காங்க. அதனால சீக்கிரம் சொல்லு. திங்கக்கிழமை அந்த ஜட்ஜ் மேடம் கேட்டா, நான் என்னப்பா சொல்லட்டும்?”