திருகாணிக்கு அடியில்

துன்யா வேனுக்குள் உட்கார்ந்து பூரெக் அப்பத்தைக் கடித்துக்கொண்டே மடிக்கணினியில் தன் மின்சுற்றுப் போர்டின் படத்தைப் பெரிதாக்கினாள். காரணம் ஒன்றுமில்லை. தான் வரைந்த போர்டு முதன்முதலாக ஓடும் காருக்குள் இருக்கிறது; அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசைதான். நோவி சாத் நகருக்கு வெளியே, பழைய விமான ஓடுதளத்தில், அவளுடைய அணி மாணவர்கள் சேர்ந்து கட்டிய மின்சாரப் பந்தயக் கார் சீறிப் போனது. ஓட்டியவன் வுகாஷின்.

படத்தின் மூலையிலிருந்த திருகாணித் துளையில் அவள் பார்வை நின்றது. துளையை ஒட்டியே ஒரு செம்புக் கோடு. பேட்டரியின் முழு மின்னழுத்தமும் வந்து நிற்கும் கோடு. திருகாணியின் தலை அதன்மேல்தான் அழுந்தியிருக்கும். திருகாணியின் மறுமுனை காரின் இரும்புச் சட்டத்தில் இறங்கியிருக்கிறது. நடுவில் வெறும் பச்சைப் பூச்சு, நகப்பூச்சு கனத்துக்கு. அது தேய்ந்தால் சட்டம் முழுக்க மின்சாரம்.

பூரெக்கைக் கீழே வைத்தாள்.

அணியில் ஒரே முறைதான் உண்டு. ஒருவர் வரைவார், இன்னொருவர் பார்ப்பார், அப்புறம்தான் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். எதைத் திருத்தினாலும் மறுபடி பார்க்க வேண்டும். மின் பகுதித் தலைவன் ஒக்னியென் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான், பெட்டியின் அளவு மாறிவிட்டதென்று அவள் துளையைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவனுக்குப் பரீட்சை. ஒரு துளைக்காக அவனைத் தொந்தரவு செய்வானேன் என்று தானே அனுப்பிவிட்டாள்.

பிளாஸ்டிக் திருகாணி போட்டிருப்பார்களோ? இல்லை, காலையில் அவளே முறுக்கினாள், சில்லென்ற இரும்பு. ஒருவேளை ஒன்றும் ஆகாது. பேசாமல் இருந்தால் இன்னும் சில சுற்றுகள், பிறகு யாருக்கும் தெரியாமல் கழற்றிவிடலாம். அப்படி நினைத்ததே அவளை இன்னும் பயமுறுத்தியது. எழுந்து ஓடினாள்.

"ஒக்னியென், வண்டிய நிறுத்து."

அவன் வாக்கி டாக்கியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "இப்பதான்டி டயரே சூடாகுது. என்ன?"

"என் போர்டு. நீ பாத்த படம் இல்ல அது. அப்புறமா துளைய நகத்தினேன். திருகாணி நேரா கோட்டு மேல உக்காந்திருக்கு."

அவன் முகம் வெளுத்துப்போனது. "மின்சாரம் கசிஞ்சா கத்துமே அந்த அலாரம்..." என்றான் மெதுவாக. "சும்மா சும்மா கத்துதுன்னு காலைல நான்தான் கழட்டி வெச்சேன்."

பிறகு வாக்கி டாக்கியில்: "வுகா, நிறுத்து. ஆஃப் பண்ணு. இரும்பு எதையும் தொடாத."

"ஏன்டா, பூரெக் ஆறிடுமா?"

"விளையாடலடா."

கார் ஓடுதளத்தின் நடுவே நின்றது. இருவரும் ஓடினார்கள், ஒக்னியென் ஓடிக்கொண்டே ரப்பர் கையுறையை மாட்டினான். துன்யாவின் தலைக்குள் ஒன்றே ஓடியது: ஆஃப் செய்த பிறகு மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவைப்பதுதான் அவள் போர்டின் வேலை. அதுவே பழுதாகியிருந்தால்?

"பெல்ட்ட கழட்டு. சீட்டு மேல ஏறி நில்லு," என்று ஒக்னியென் தள்ளி நின்றே கத்தினான். "ரெண்டு காலையும் சேத்து வெளிய குதி. கை கார்லயும் கால் தரையிலயுமா மட்டும் இருந்துடாத."

"பச்சை லைட்டு எரியுதேடா, ஆபத்தில்லன்னுதானே?"

"அத நம்பாத!" என்று துன்யா அலறினாள். அந்த விளக்கும் அவள் போர்டிலிருந்துதான் எரிகிறது.

வுகாஷின் இருக்கைமேல் நின்றான். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. "எங்கம்மாட்ட யாரும் சொல்லிடாதீங்க," என்று சொல்லிக் குதித்தான். காலணியின் நுனி சட்டத்தை உரசியதுபோல் இருந்தது. துன்யா கண்ணை மூடிக்கொண்டாள். தொப்பென்று சத்தம். பிறகு அவன் கெட்ட வார்த்தையில் திட்டுவது கேட்டது. அவ்வளவு இனிமையான எதையும் அவள் கேட்டதில்லை.

மின்சாரம் வடிய வெகுநேரம் காத்திருந்து, அளவுமானி வைத்துப் பார்த்து, ஒக்னியென் போர்டைக் கழற்றினான். திருகாணி இருந்த இடத்தில் பச்சைப் பூச்சு வட்டமாகத் தேய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மயிரிழைச் செம்பு, வெயிலில் மின்னியது.

"தொட்டுச்சா?" என்றாள்.

"தெரியலடி." போர்டைத் திருப்பிப் பார்த்தான். "அவன்கிட்ட என்ன சொல்றது?"

வுகாஷின் ஓடுதளத்தை விட்டுப் புல்லுக்குள் இறங்கியிருந்தான். இன்னும் ஹெல்மெட்டோடு, தாடைக்கு அடியில் வாரின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கி அவிழவில்லை. துன்யா போய் அவன் கைகளை விலக்கிவிட்டுக் கொக்கியைப் பிடித்தாள். அவள் விரல்களும் நழுவின. அவன் தலையை நிமிர்த்திக் கழுத்தைக் கொடுத்தபடி அசையாமல் நின்றான். அவள் மறுபடி இழுத்தாள், மறுபடியும்.