சொல்லாமல் வருகிற ஆட்கள்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த வாடகை வீட்டில் எல்லாம் தலைகீழ். ஆள் முதலில் வந்துவிடுவார். ‘இன்னைக்கு ஆள் வருவாரு தம்பி’ என்ற வீட்டுக்காரம்மாவின் செய்தி சாவகாசமாகப் பின்னால் வரும்.

குழாய்க்காரர் வந்தபோது அவன் குளித்துக்கொண்டிருந்தான். ஏசிக்காரர் வந்தபோது அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பொறுத்துப் பார்த்து, ‘சொல்லாமல் உள்ளே வரக் கூடாது’ என்று எழுதிக் கதவில் ஒட்டினான். அடுத்து வந்த பெயிண்டர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, மாற்றுச் சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்தார். “நல்ல கையெழுத்து சார்” என்று பாராட்டு வேறு.

அவனும் மனைவியும் ஊர் சுற்றிப் பார்க்கவா வந்தார்கள்? ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காக எடுத்த வீடு. குறைமாதத்தில் பிறந்த மகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மனைவி அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. கவலையில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. ஆரம்பத்தில் எடுத்துச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, இந்த வீட்டு ஃபிரீசரில் வைத்ததுதான் பிள்ளைக்கு மிச்சம். தினமும் மதியம் அவன் வந்து, வேண்டியதை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போவான். உருகினால் திரும்ப உறையவைக்கக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அன்று வந்து கதவைத் திறந்தால், ஃபிரிட்ஜ் சமையலறை நடுவில் நின்றது. சுவரோரம் எலக்ட்ரீஷியன் ஒருவர் குனிந்திருந்தார்.

“பிளக் பாயின்ட் கருகிக் கிடந்துச்சு சார். காலையிலேயே வந்துட்டேன். அம்மா சொல்லலையா?”

அவன் ஃபிரீசரைத் திறந்தான். பைகள் தொளதொளவென்று கிடந்தன.

“யோவ், என் புள்ளை குடிக்கிற பாலுய்யா இது! ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா குடியா முழுகிடும்?”

அவர் முகம் செத்துவிட்டது. “சத்தியமாத் தெரியாது சார். உள்ள என்ன இருக்குன்னு பாக்காம விட்டுட்டேனே.” கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, பைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கத் தொடங்கினார்.

அவன் விடவில்லை. அவரை, வீட்டுக்காரம்மாவை, அவள் சாவிக்கொத்தை, எல்லாவற்றையும் வைதான். இத்தனை நாளும் டாக்டரிடம் காட்ட முடியாத கோபம், கடவுளிடம் காட்ட முடியாத கோபம். மாட்டியவர் இவர்.

போன் அடித்தது. மனைவிதான். பாலைப் பற்றி எப்படிச் சொல்வது?

“இதோ, பாலை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்மா” என்று பொய் சொன்னான்.

“பால் வேணாங்க” என்றாள். “நீங்க மட்டும் வாங்க.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“சார்!” என்று எலக்ட்ரீஷியன் கத்தினார். ஃபிரீசரின் அடியிலிருந்து அவர் கை வெளியே வந்தது. “ரெண்டு பை உருகவே இல்ல சார். கல்லு மாதிரி இருக்கு. புள்ளைக்கு இப்போதைக்குப் போதும்ல? எந்திரிங்க, என் வண்டியிலேயே கொண்டுபோய் விடுறேன்.”

அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைக் கெடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. ஐஸ் பெட்டியை நீட்டினான். அவர் பைகளைப் பதமாக உள்ளே வைத்து, மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் அழுதான். நெஞ்சு வெடித்துவிடுகிற மாதிரி, சத்தம் போட்டே அழுதான்.

“அழாதீங்க சார்” என்றார் அவர், வண்டியை இன்னும் வேகமாக ஓட்டியபடி. “உருகுறதுக்குள்ள போயிடலாம்.”